அலை வீசிய ஆண்டில் ஒரு வார்டுத் தேர்தல்

2022 பிப்ரவரி 22 அன்று தமிழ்நாட்டின் நகர்ப்புற உள்ளாட்சித் தேர்தல் முடிவுகள் வெளிவந்தபோது, 21 மாநகராட்சிகளும் திமுக கூட்டணியின் வசமாகியிருந்தன. 138 நகராட்சிகளிலும் 490 பேரூராட்சிகளிலும் மிகப் பெரும்பாலானவை அதே திசையில்தான் சென்றன. அதே நாளில் கோவை மாவட்டத்தின் கிழக்குப் பகுதியில் உள்ள ஒரு விசைத்தறி ஊரில், ஒரு பேரூராட்சி வார்டில், எந்தக் கட்சியின் சின்னமும் இல்லாமல் நின்ற ஓய்வுபெற்ற அங்கன்வாடிப் பணியாளர் ஒருவர் வெற்றி பெற்றார். அவருடைய தேர்தல் வேலைகளை முன்னின்று கவனித்தவன் நான். ஊரின் பெயரையும் அவர் பெயரையும் இங்கே எழுதப் போவதில்லை; அந்த வார்டில் அவரைப் பெயர் சொல்லி அழைப்பவர்களும் யாருமில்லை, எல்லாருக்கும் அவர் டீச்சர்தான்.

காற்று ஒரே பக்கமாக வீசும் ஆண்டில் அதற்கு எதிர்ப்புறம் நிற்கும் ஒரு சிறிய வேட்பாளருக்கு எப்படித் தேர்தல் வேலை செய்வது என்று அதன் பிறகு பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன். நான் உறுதியாக நம்புவது ஒன்றுதான்: மாநிலத்தில் வீசும் அலையோடு ஒரு வார்டு வேட்பாளர் சண்டையிடக் கூடாது. எந்த வாக்காளரிடமும் அவருடைய கட்சியை விட்டு வரும்படி கேட்கவும் கூடாது. அவர் தன் கட்சிக்காரராகவே இருந்துகொண்டு இந்த ஒரு வாக்கை மட்டும் நமக்கு அளிப்பதற்கு என்னென்ன தடைகள் உள்ளன என்பதைக் கண்டறிந்து, அவற்றை ஒவ்வொன்றாக அகற்றுவதுதான் முழு வேலையும்.

எங்கள் பகுதியைப் பற்றி வெளியூர் நண்பர்களுக்கு ஒரு தவறான எண்ணம் உண்டு. கொங்கு மண்டலம் அதிமுகவின் கோட்டை என்றும், ஆகவே இங்கே ஆளும் கட்சியை எதிர்த்து நிற்பது அவ்வளவு கடினமில்லை என்றும் நினைக்கிறார்கள். 2021 மே மாதத்தில் முடிவு வெளியான சட்டமன்றத் தேர்தலில் கோவை மாவட்டத்தின் பத்துத் தொகுதிகளையும் அதிமுக கூட்டணியே வென்றது என்பது உண்மை. ஆனால் ஒன்பது மாதங்கள் கழித்து நடந்த மாநகராட்சித் தேர்தலில், கோவையின் 100 வார்டுகளில் அதிமுகவுக்குக் கிடைத்தவை மூன்றே மூன்று. அதே வாக்காளர்கள்தான், அதே தெருக்கள்தான். சட்டமன்றத் தேர்தலில் ஒருவர் எந்தச் சின்னத்துக்கு வாக்களித்தார் என்பதை வைத்து உள்ளாட்சித் தேர்தலில் அவர் என்ன செய்வார் என்று கணிப்பவர்கள், இந்த இரண்டு முடிவுகளையும் அருகருகே வைத்துப் பார்க்க வேண்டும்.

ஆட்சி மாறிய சில மாதங்களில் உள்ளாட்சித் தேர்தல் நடந்தால் வெற்றி ஆளும் கட்சியின் பக்கமே போகும் என்பது தமிழ்நாட்டில் பழகிப்போன ஒன்று. 2011 மே மாதத்தில் ஆட்சிக்கு வந்த அதிமுக, அந்த ஆண்டு அக்டோபரில் அப்போதிருந்த பத்து மாநகராட்சிகளையும் வென்றது. விலக்குகளும் உண்டு. 2001 மே மாதத்தில் பெரும் வெற்றியோடு அதிமுக ஆட்சியைப் பிடித்திருந்தும், அக்டோபரில் சென்னை மேயர் பதவிக்கு நடந்த நேரடித் தேர்தலில் மு.க.ஸ்டாலின் இரண்டாம் முறையாக வென்றார். 2019 டிசம்பரில் 27 மாவட்டங்களில் ஊரக உள்ளாட்சித் தேர்தல் நடந்தபோது, அதிமுக ஆட்சியில் இருந்தும் மாவட்ட ஊராட்சி வார்டுகளில் திமுக அணியே சற்று முந்தியது. போக்கு என்பது விதி ஆகிவிடாது என்று டீச்சரைச் சம்மதிக்க வைக்கும்போது நான் எடுத்துச் சொன்னவை இவைதான். அவர் இவற்றில் எதற்கும் மயங்கவில்லை. "அதெல்லாம் பெரிய ஊர்க் கதைங்க தம்பி, நம்ம மூணு தெருவுல யார் யார் என்ன நினைக்கறாங்கன்னு மொதல்ல பாருங்க" என்றார். அவர் சொன்னதே சரியான தொடக்கமாக அமைந்தது.

அதைப் பார்ப்பதற்கு முன், 2022 தேர்தலின் அமைப்பே எங்களைப் போன்றவர்களுக்கு எப்படிப் பாதகமாக இருந்தது என்பதைச் சொல்ல வேண்டும். 2011இல் பேரூராட்சித் தலைவரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுத்தார்கள். அன்று ஒரு வாக்காளரிடம் தலைவருக்கு ஒன்று, வார்டு உறுப்பினருக்கு ஒன்று என இரண்டு வாக்குகள் இருந்தன. தலைவர் வாக்கைத் தன் கட்சிக்கும், வார்டு வாக்கைத் தெரிந்த முகத்துக்கும் பிரித்து அளிக்க முடிந்தது. பலர் அப்படியே அளித்தார்கள். 2019இல் கொண்டுவந்த மாற்றத்தால் மேயரையும் தலைவர்களையும் உறுப்பினர்கள் கூடித் தேர்ந்தெடுக்கும் மறைமுக முறை மீண்டும் வந்தது. ஆகவே 2022இல் வாக்காளரின் கையில் ஒரே வாக்குத்தான் இருந்தது, அந்த ஒன்றே தலைவர் யார் என்பதையும் முடிவு செய்தது. "தலைவர் எங்கள் ஆள்தான், உங்கள் வார்டு உறுப்பினரும் எங்கள் ஆளாக இருந்தால்தான் வேலை நடக்கும்" என்ற வாதத்துக்கு இந்த முறை மிகுந்த வலிமை தருகிறது. சுயேச்சைக்கு வாக்களிப்பது வாக்கை வீணாக்குவது என்னும் எண்ணம் மக்களின் அறியாமையால் வருவதாகச் சிலர் எழுதுகிறார்கள். நான் அதை ஏற்கவில்லை. அமைப்பை நன்றாகப் புரிந்துகொண்டவர்களின் நியாயமான கணக்கு அது; அதற்குக் கணக்காகவே பதில் சொல்ல வேண்டியிருந்தது.

எங்களுக்குச் சாதகமாக இருந்ததும் ஒன்று உண்டு. 2016 அக்டோபரில் நடக்கவிருந்த உள்ளாட்சித் தேர்தலைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. அந்த மாதத்தில் மன்றங்களின் பதவிக்காலமும் முடிந்துவிட, ஐந்து ஆண்டுகளுக்கு மேலாக ஊர்களைத் தனி அலுவலர்களே நிர்வகித்தார்கள். வார்டு உறுப்பினர் என்று ஒருவரே இல்லாத அந்தக் காலத்தில் தெருவிளக்கு எரியவில்லை என்றாலும், குடிநீர் வரும் நாள் தள்ளிப்போனாலும், முதியோர் உதவித்தொகை நின்றுபோனாலும் மனுவை எழுதித் தருவதற்கு ஓர் ஆள் தேவைப்பட்டது. டீச்சர் அதைச் செய்துகொண்டிருந்தார். தேர்தலை மனதில் வைத்து அவர் அதைச் செய்யவில்லை. அவருக்கு எழுத வரும், அலுவலகத்தில் எந்த மேசையில் எதைக் கேட்க வேண்டும் என்று தெரியும், அவ்வளவுதான். ஓய்வு பெற்ற பிறகு அவர் வீட்டுத் திண்ணையில் காலை நேரத்தில் எப்போதும் யாராவது குடும்ப அட்டையோடு உட்கார்ந்திருப்பார்கள். தேர்தலுக்கு மூன்று வாரங்கள் முன்பு நற்பெயரை உருவாக்க எந்தப் பிரசாரத்தாலும் முடியாது. முன்பே இருக்கும் நற்பெயரை வாக்காக மாற்றுவது மட்டும்தான் பிரசாரத்தால் ஆகக்கூடியது.

எங்கள் வார்டு பெண்களுக்கு ஒதுக்கப்பட்டிருந்தது. உள்ளாட்சியில் பெண்களுக்கு ஐம்பது விழுக்காடு இடம் என்பது சட்டமாகி இருந்தாலும், பெண்கள் வார்டு என்று அறிவித்தவுடன் கட்சிகள் தேடுவது பெரும்பாலும் நிர்வாகிகளின் மனைவியையோ தாயையோதான். சுவரொட்டியில் வேட்பாளரின் படத்தைவிடக் கணவரின் படம் பெரிதாக இருப்பதை எல்லா ஊர்களிலும் பார்க்கலாம். இது எனக்கு ஆழ்ந்த வருத்தம் தரும் வழக்கம். அந்தப் பெண்களில் பலர் திறமையானவர்கள், வாய்ப்புக் கிடைத்தால் தாமாகவே நிர்வாகம் செய்யக்கூடியவர்கள். ஆனால் தேர்தல் களத்தில் இந்த வழக்கம் எங்களுக்கு ஒரு வழியைத் திறந்துவிட்டது. எங்கள் வார்டில் நின்ற பெண்களில் வாக்காளர்களைப் பெயர் சொல்லி அழைக்கக்கூடியவர் டீச்சர் ஒருவர்தான். அவரிடம் கைபிடித்துப் படித்த குழந்தைகளில் பலர் அப்போது முதல்முறை வாக்காளர்களாகியிருந்தார்கள்.

இனி பட்டியல். வார்டு வாக்காளர் பட்டியல் வெளிவந்தவுடன் அதை வாங்கி, வீடு வீடாக ஒப்பிடத் தொடங்கினோம். ஆயிரத்துக்கும் குறைவான வாக்காளர்களைக் கொண்ட வார்டு அது. பேரூராட்சி வார்டுகளின் மிகப் பெரிய வசதி இந்த அளவுதான். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு முகத்தை இணைக்க முடியும். இறந்தவர்கள், திருமணமாகிப் போனவர்கள், பெயர் மட்டும் இங்கே இருந்து திருப்பூரில் குடியிருப்பவர்கள் ஆகியோரைக் குறித்தோம். திருப்பூருக்குப் போனவர்களில் யாருடைய தாய் தந்தையர் இங்கேயே இருக்கிறார்கள் என்பதையும் குறித்தோம், ஏனெனில் அவர்கள் வருவார்கள். கட்சிக்காரர்கள் பட்டியலை வழக்கமாக நம்மவர், எதிரணி, நடுநிலை என்று மூன்றாகப் பிரிப்பார்கள். அந்தப் பிரிவு எங்களுக்குப் பயன்படவில்லை, நம்மவர் என்று சொல்ல எங்களுக்கு யாரும் இல்லை. நாங்கள் கேட்ட கேள்வி வேறு: இந்த வீட்டுக்காரர் எந்தக் கட்சியாக இருந்தாலும், டீச்சருக்கு வாக்களித்தால் அவருக்கு என்ன இழப்பு நேரும்?

இந்தக் கேள்வியைக் கேட்ட பிறகு பட்டியல் வேறு விதமாகத் தெரிந்தது. கட்சிப் பொறுப்பில் இருப்பவரின் வீட்டில் இழப்பு அதிகம், அங்கே வாக்குக் கேட்டுப் போவதே அவரைச் சங்கடப்படுத்தும். ஒப்பந்த வேலை செய்பவருக்கு அடுத்த வேலை போய்விடும் என்ற அச்சம் இருந்தது. தலைமுறையாக ஒரே சின்னத்துக்கு வாக்களித்துவரும் முதியவருக்குப் பொருள் இழப்பு எதுவும் கிடையாது; தன் தந்தைக்குத் துரோகம் செய்வதுபோன்ற மன உறுத்தல் மட்டுமே. வேலைக்குப் போகும் இளம்பெண்ணுக்கு இழப்பே இல்லை, ஆனால் வீட்டில் யாருக்கு வாக்களிப்பது என்று பேசும் இடத்தில் அவள் குரலுக்கு இடமில்லை. இந்த நால்வரிடமும் ஒரே துண்டுப் பிரசுரத்தைக் கொடுத்து ஒரே வாசகத்தைச் சொல்வதில் என்ன பயன்? பெரிய கட்சிகளுக்கு அது போதும், சின்னமே அவர்களுக்காகப் பேசிவிடும். சின்னம் இல்லாதவர்கள் நால்வரிடமும் நான்கு விதமாகப் பேச வேண்டும்.

முதியவர்களிடம் டீச்சர் பேசிய விதத்தை நான் பக்கத்திலிருந்து கேட்டிருக்கிறேன். ஒரு வீட்டில் பெரியவர் ஒருவர் மிகவும் தயங்கிச் சொன்னார்: "உங்களுக்குப் போடோணும்னு ஆசைதானுங்க டீச்சர். ஆனா எங்கப்பா காலத்துல இருந்து ஒரே சின்னத்துக்குப் போட்டுத்தானுங்க பழக்கம்." டீச்சர் அவரை மறுத்துப் பேசவில்லை. "எம்எல்ஏ தேர்தலுக்கும் எம்பி தேர்தலுக்கும் அங்கயே போடுங்கய்யா, அப்ப நான் உங்ககிட்ட வந்து கேக்கவே மாட்டேன். இது நம்ம சாக்கடைக்கும் தண்ணிக்கும் போடற ஓட்டுங்க" என்றார். பெரியவர் பதில் எதுவும் சொல்லாமல் மனைவியை அழைத்துக் காபி கொண்டுவரச் சொன்னார். வாக்குறுதி கேட்டு அவரைக் கட்டாயப்படுத்தாமல் எழுந்து வந்தோம். வாக்காளரின் வாயால் "போடுகிறேன்" என்று சொல்ல வைப்பதைச் சாதனையாக நினைப்பவர்கள் உண்டு. எங்கள் ஊரில் வீட்டுக்கு வந்தவரிடம் யாரும் முடியாது என்று சொல்ல மாட்டார்கள், ஆகவே அந்தச் சொல்லால் எதையும் கணக்கிட முடியாது.

மாநில அரசியலைப் பேசக் கூடாது என்பதைத் தொடக்கத்திலேயே முடிவு செய்திருந்தோம், அதில் கடைசிவரை உறுதியாக இருந்தோம். அந்த நேரத்தில் பேசுவதற்கு நிறைய இருந்தது. குடும்பத் தலைவிகளுக்கு மாதம் ஆயிரம் ரூபாய் என்ற வாக்குறுதி அப்போது நடைமுறைக்கு வந்திருக்கவில்லை, அது 2023 செப்டம்பரில்தான் தொடங்கியது. பொங்கல் தொகுப்பின் பொருள்களைப் பற்றிய புகார்களும் புதிதாக இருந்தன. எங்களோடு வந்த இளைஞர்கள் சிலருக்கு இவற்றைப் பேசியே தீர வேண்டும் என்ற ஆர்வம் இருந்தது. ஆனால் 2021 மே மாதத்தில் தொடங்கிய கட்டணமில்லாப் பேருந்துப் பயணத்தால் எங்கள் வார்டுப் பெண்கள் பலருக்கு மாதந்தோறும் கையில் பணம் மிஞ்சியது, அந்த நன்றியுணர்வு உண்மையானது. அரசைக் குறை சொல்லித் தொடங்கினால் அவர்கள் அரசின் பக்கம் நின்று பதில் சொல்வார்கள். அப்படிப் பதில் சொன்ன பிறகு எங்களுக்கு வாக்களிப்பது அவர்கள் பேச்சுக்கே முரணாகிவிடும். மாநிலத்தைப் பற்றி நாம் பேசும் ஒவ்வொரு நிமிடமும் இந்தத் தேர்தலை மாநிலத் தேர்தலாக மாற்றுகிறது, அந்தத் தேர்தலில் நாம் வேட்பாளரே இல்லை.

அதற்குப் பதிலாக நாங்கள் பேசியவை மூன்றே பொருள்கள். மேட்டுத் தெருவுக்குக் குடிநீர் வரும்போது அழுத்தம் இல்லாமல் கடைசி ஏழெட்டு வீடுகளுக்குச் சொட்டுச் சொட்டாக வருவது. மழைக்காலத்தில் பள்ளித் தெருச் சாக்கடை நிரம்பி வழிவது. பொதுக் கழிப்பிடத்தின் பூட்டு. இவை சிறிய விஷயங்களாகத் தோன்றலாம். குடிநீர்க் குழாயின் வால்வை யார் எந்த நேரத்தில் திறக்கிறார், மேட்டுத் தெருவுக்கு முதலில் திறந்தால் என்ன ஆகும் என்பதை டீச்சர் படம் வரைந்து விளக்குவார். அது தலைவரின் தயவு தேவைப்படாத மாற்றம், நேர அட்டவணையை மாற்றினாலே போதும். சுயேச்சையால் எதுவும் செய்ய முடியாது என்ற நியாயமான கணக்குக்கு எங்களிடம் இருந்த பதில் இதுதான். பெரும் நிதி தேவைப்படும் எதையும் செய்து தருவதாக அவர் யாரிடமும் சொல்லவில்லை.

வேட்புமனுத் தாக்கல் ஜனவரி 28இல் தொடங்கி பிப்ரவரி 4இல் முடிந்தது. பேரூராட்சி உறுப்பினருக்கு வைப்புத்தொகை ஆயிரம் ரூபாய். வரி பாக்கி எதுவும் இல்லை என்பதற்கான ரசீதுகளை முன்பே எடுத்து வைத்திருந்தோம், மனு ஏற்கப்பட்டது. சுயேச்சைகளுக்கான பெரிய இடர் அதன் பிறகுதான் வருகிறது. பிப்ரவரி 7, திரும்பப் பெறும் நாள் முடிந்த பிறகே சின்னம் ஒதுக்கப்படும். பிரசாரம் 17ஆம் தேதி மாலையில் ஓய்ந்துவிடும். அரை நூற்றாண்டாக மக்கள் பார்த்துப் பழகிய சின்னங்களுக்கு எதிராக, முன்பின் தொடர்பில்லாத ஒரு சின்னத்தை மக்கள் மனதில் பதிய வைக்க எங்களுக்குப் பத்து நாள்கள்தான் இருந்தன. எங்களுக்குக் கிடைத்தது தென்னை மரம். வாக்குப்பதிவு இயந்திரத்தில் அது எத்தனையாவது வரிசையில் வரும் என்று தெரிந்தவுடன், அந்த எண்ணையும் சின்னத்தையும் பெரிதாக அச்சிட்ட சிறிய அட்டையை வீட்டுக்கு ஒன்றாகக் கொடுத்தோம். அட்டையில் டீச்சரின் படத்துக்குக்கூட இடம் ஒதுக்கவில்லை, அவர் முகத்தை யாருக்கும் அறிமுகப்படுத்தத் தேவை இருக்கவில்லை. வயதானவர்களிடம் அட்டையைக் காட்டி விரலால் தொடச் சொல்லிப் பழக்கினோம்.

கொரோனா மூன்றாம் அலையின் கட்டுப்பாடுகளால் ஊர்வலங்களுக்கும் பெரிய கூட்டங்களுக்கும் அப்போது தடை இருந்தது. எங்களுக்கு அதனால் இழப்பில்லை, ஊர்வலம் போக எங்களிடம் ஆளும் இல்லை. எல்லாரும் சிறு குழுக்களாக வீடு வீடாகப் போக வேண்டியிருந்தபோது, பெரிய கட்சிகளின் பிரசாரமும் எங்கள் பிரசாரமும் பார்வைக்கு ஒரே அளவாகத் தெரிந்தன.

அந்த மாதத்தைப் பற்றி எழுதும்போது தறிகள் நின்றிருந்ததை எழுதாமல் விட முடியாது. ஒப்பந்தப்படி கூலி உயர்வு வேண்டும் என்று கோரி, கூலிக்கு நெசவு செய்யும் கோவை, திருப்பூர் மாவட்ட விசைத்தறியாளர்கள் ஜனவரி 9 முதல் வேலைநிறுத்தத்தில் இருந்தார்கள். இரவும் பகலும் சத்தம் ஓயாத தெருக்கள் அமைதியாகிவிட்டன. வழக்கமாகப் பகலில் தறிக்கூடத்தில் இருக்கும் ஆண்கள் வீட்டுத் திண்ணையில் இருந்தார்கள், அவர்களோடு நிதானமாகப் பேச நேரம் கிடைத்தது. ஆனால் கையில் காசில்லாத வீடுகளுக்குத் தேர்தல் வந்தது. கடைசி இரண்டு இரவுகளில் எங்கள் வார்டிலும் பணம் வந்தது. யார் தந்தார்கள் என்பதை இங்கே எழுத வேண்டியதில்லை. வாரக்கணக்கில் கூலி இல்லாத குடும்பத்துக்கு அந்தத் தாள்கள் என்ன பொருள் தரும் என்பதை அறிந்தவர்கள், வாங்கியவர்களைப் பற்றித் தரக்குறைவாகப் பேச மாட்டார்கள். "காசை அவர்களிடம் வாங்கிக்கொள்ளுங்கள், ஓட்டை எங்களுக்குப் போடுங்கள்" என்று சொல்லும்படி எங்களில் சிலர் யோசனை கூறினார்கள். டீச்சர் மறுத்துவிட்டார். வாங்கச் சொல்வதும் தவறு, வாங்காதீர்கள் என்று பசித்த வீட்டில் அறிவுரை சொல்வதும் தவறு என்பது அவர் நிலை. அந்த இரண்டு நாள்களும் அவர் பணத்தைப் பற்றி ஒரு சொல்லும் பேசாமல், வேலைநிறுத்தத்தால் மருந்து வாங்க முடியாதவர்கள் யாராவது இருக்கிறார்களா என்று மட்டும் விசாரித்தார். பணம் வாக்கை விலைக்கு வாங்கிவிடுகிறது என்று நான் நம்பவில்லை. ஏற்கெனவே ஒரு பக்கம் சாய்ந்திருப்பவர் விலகிப் போகாமல் அது பிடித்து வைக்கிறது. அலை இருக்கும் பக்கத்துக்கு அதுவே போதுமானதாக இருக்கிறது.

இதுவரை எழுதியதை வைத்து எங்கள் உழைப்பால் மட்டுமே வெற்றி கிடைத்தது என்று யாராவது நினைத்தால் அது உண்மையாகாது. ஆளும் கூட்டணிக்குள் எங்கள் வார்டு ஒரு தோழமைக் கட்சிக்கு ஒதுக்கப்பட்டது. அதனால் வாய்ப்பிழந்த உள்ளூர்க் குடும்பம் ஒன்று தன் வீட்டுப் பெண்ணைச் சுயேச்சையாக நிறுத்தியது, அவர் கணிசமான வாக்குகளைப் பிரித்தார். இந்தப் பிளவு இல்லாதிருந்தால் டீச்சர் மதிப்பான இரண்டாம் இடத்தில் வந்திருப்பார் என்றே கருதுகிறேன். இது எங்கள் ஊரில் மட்டும் நடந்ததும் இல்லை. மார்ச் 4 அன்று நடந்த தலைவர் தேர்தல்களில், தோழமைக் கட்சிகளுக்கு ஒதுக்கப்பட்ட பதவிகளைப் பல ஊர்களில் திமுகவினரே போட்டியிட்டுப் பிடித்ததும், அவர்கள் உடனே பதவி விலக வேண்டும் என்று முதலமைச்சரே வெளிப்படையாக அறிக்கை விட்டதும் செய்தித்தாள்களில் வந்தவை. மேலிருந்து பார்க்கும்போது ஒரே திசையில் செல்வதாகத் தெரியும் அலை, தெருவுக்கு வரும்போது அண்ணன் தம்பிச் சண்டையாகவும் பழைய மனக்கசப்பாகவும் உடைந்துதான் வருகிறது. எதிர்த்து நிற்பவர் அந்த உடைப்பை உருவாக்க முடியாது. உருவாக்க முயல்வதும் கூடாது. உடையும் இடத்தில் நம்பகமான ஒருவர் முன்பே நின்றுகொண்டிருக்க வேண்டும், அதுவே அவரால் ஆகக்கூடியது. கோவை மாவட்டத்திலேயே வெள்ளலூர் பேரூராட்சியில் 15 வார்டுகளில் 8 வார்டுகளை அதிமுக அந்த அலையிலும் வென்றது. மாநிலம் முழுவதும் பேரூராட்சிகளில் ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவான சுயேச்சைகள் வென்றார்கள். அந்த ஒவ்வொரு வார்டிலும் இப்படி ஓர் உள்ளூர்க் காரணம் இருந்திருக்கும் என்பதில் எனக்கு ஐயமில்லை.

வாக்குப்பதிவு நாளான பிப்ரவரி 19 ஒரு சனிக்கிழமை. எங்கள் வார்டுக்கு ஒரே வாக்குச்சாவடி. உள்ளே முகவராக அமர்ந்தவர் டீச்சரிடம் படித்த ஒரு கல்லூரி மாணவி. யார் வந்தார்கள் என்பதைப் பட்டியலில் குறித்துக்கொண்டே வந்தார். நண்பகலில் கணக்குப் பார்த்தபோது மேட்டுத் தெருவில் பாதிப் பேர் வரவில்லை என்று தெரிந்தது. அன்று காலையில் அங்கே குடிநீர் திறந்துவிட்டிருந்தார்கள். பல நாள்களுக்கு ஒருமுறை வரும் தண்ணீரை விட்டுவிட்டுப் பெண்கள் எப்படி வரிசைக்கு வருவார்கள்? எங்கள் இளைஞர்கள் நேரே அந்தத் தெருவுக்குப் போய்க் குடங்களைப் பிடித்து நிரப்பிக் கொடுத்து, வீட்டுக்கு ஒருவராக அனுப்பிவைத்தார்கள். திருப்பூரில் இருந்தவர்களைத் தொலைபேசியில் அழைத்தோம், பிற்பகல் பேருந்துகளில் பலர் வந்து இறங்கினார்கள். பேரூராட்சிகளில் அந்தத் தேர்தலில் நூற்றுக்கு எழுபத்து நான்கு பேருக்கு மேல் வாக்களித்தார்கள், மாநகராட்சிகளில் ஐம்பத்திரண்டு பேர்தான். வார்டு சிறியதாக இருக்கும்போது தன் வாக்கின் எடை வாக்காளருக்குத் தெரிகிறது. டீச்சர் வென்ற வித்தியாசம் முப்பது வாக்குகளுக்கும் குறைவு. மேட்டுத் தெருவிலிருந்து பிற்பகலில் வந்தவர்கள் அதைவிட அதிகம்.

வெற்றிக்குப் பிறகு வந்த நாள்களைப் பற்றி யாரும் அதிகம் பேசுவதில்லை, அவற்றுக்கும் தயாராக இருக்க வேண்டும். மார்ச் 2 பதவியேற்பு, மார்ச் 4 தலைவர் தேர்தல். இந்த இரண்டு தேதிகளுக்கு முன்பே கட்சியில் சேரும்படி அழைப்புகள் வந்தன, மரியாதையாகத்தான் வந்தன. கட்சித் தாவலைத் தடுக்கும் சட்டம் நாடாளுமன்றத்துக்கும் சட்டமன்றத்துக்கும் உண்டு, எங்கள் பேரூராட்சி மன்றத்துக்கு அது பொருந்தாது. சேர்ந்தால் வார்டுக்கு வேலை நடக்கும் என்ற வாதம் பொய்யானதும் இல்லை. டீச்சர் இரண்டு நாள்கள் யோசித்தார். கட்சியை மாற்ற வேண்டாம் என்று சொல்லித்தான் அந்தப் பெரியவரிடம் வாக்குக் கேட்டோம், இப்போது நான் மாறினால் அவர் முகத்தை எப்படிப் பார்ப்பேன் என்று கேட்டார். அத்துடன் அந்தப் பேச்சு முடிந்தது. தலைவரோடு அவர் பகைத்துக்கொள்ளவும் இல்லை. முதல் கூட்டத்திலேயே குடிநீர் திறக்கும் நேரத்தை மாற்றுவதற்கான கோரிக்கையை எழுத்தில் கொடுத்தார், அது செலவில்லாத கோரிக்கை என்பதால் எதிர்ப்பின்றி நிறைவேறியது. சாக்கடை வேலைக்கு நிதி கிடைக்க நெடுங்காலம் ஆனது, திங்கள்கிழமைகளில் மாவட்ட ஆட்சியர் அலுவலகக் குறைதீர் கூட்டத்துக்குப் பலமுறை மனுவோடு போக வேண்டியிருந்தது. பொதுக் கழிப்பிடம் இன்னும் சரியாகவில்லை.

2022 மார்ச்சில் பதவியேற்ற மன்றங்களின் ஐந்து ஆண்டுகள் 2027 தொடக்கத்தில் முடிகின்றன. பக்கத்து ஊர்களிலிருந்து சிலர் இப்போதே பேச வருகிறார்கள், எந்தக் கட்சிக்குக் காற்று வீசும் என்பதைப் பற்றித்தான் முதலில் கேட்கிறார்கள். அவர்கள் வார்டின் வாக்காளர் பட்டியலை எடுத்துக்கொண்டு வரச் சொல்கிறேன். கொண்டு வந்தவர்களோடு உட்கார்ந்து முதல் தெருவின் முதல் வீட்டிலிருந்து தொடங்குகிறோம்.